வள்ளத்தில் ஏற விடாத மாத்திரை

முதல் வலி வந்தபோது நான் மட்டாஞ்சேரியில் ஒரு சாயாக்கடை வாசலில் நின்று புட்டு தின்றுகொண்டிருந்தேன். வாயில் கல் அகப்பட்டுவிட்டது என்றுதான் நினைத்தேன். வலது மூக்கோரத்திலிருந்து கடைவாய்ப் பல் வரைக்கும், பழுக்கக் காய்ச்சிய கம்பியை யாரோ வைத்து ஓர் இழுப்பு இழுத்த மாதிரி இருந்தது. என்ன ஏது என்று யோசிப்பதற்குள் போய்விட்டது. துப்பிப் பார்த்தேன். கல் ஒன்றும் இல்லை. மிச்சப் புட்டையும் தின்றுவிட்டு வேலைக்குப் போனேன்.

அப்போது எனக்கு நாற்பது தாண்டியிருந்தது. எழுபதுகளின் பின்பாதி. கம்பத்துப் பக்கம் பிறந்து, எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டு, மலையேறித் தேயிலைத் தோட்டத்தில் கொஞ்ச காலம், ஆலுவாவில் ஒரு லாரி ஷெட்டில் கொஞ்ச காலம், ஏலூரில் உரத் தொழிற்சாலை ஒன்றில் ஒப்பந்தக் கூலியாக இரண்டு மழைக்காலம் என்று சுற்றியவன் நான். ஓர் இடம் பிடிக்காமல் போனால் யாரிடமும் சண்டை போட மாட்டேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிடுவேன். மட்டாஞ்சேரிக்கும் அப்படித்தான் வந்தேன். ஆனால் அங்கே வள்ளத்தில் வேலை கிடைத்தது, அது பிடித்துப்போயிற்று.

பஜார் தெருவில் மிளகும் சுக்கும் அரிசியும் அடைத்த கிட்டங்கிகளுக்கு முன்வாசல் தெருவில் என்றால் பின்வாசல் காயலில், உப்பங்கழியில். மூட்டைகள் பின்வாசல் வழியாக வள்ளத்தில் இறங்கும். எங்களுடையது பெரிய சரக்கு வள்ளம். காற்று இருந்தால் பாய், இல்லாவிட்டால் கழுக்கோல். கழுக்கோல் என்பது நீண்ட மூங்கில். வள்ளத்தின் முன்முனையில் நின்று அதைக் காயலின் அடிச்சேற்றில் குத்தி, மேல்நுனியைத் தோளில் கொடுத்து, வள்ளத்தின் ஓரப் பலகை மேலேயே பின்முனை வரை நடக்க வேண்டும். நாம் பின்னால் நடக்க நடக்க வள்ளம் முன்னால் போகும். ஓரப் பலகை இரண்டு பாதம் அகலம் இருந்தால் அதிகம். வழுக்கினால் தண்ணீர்.

வள்ளத்தில் நாங்கள் மூன்று பேர். தலைவரை மூப்பன் என்று கூப்பிடுவார்கள். வைப்பின் என்ற தீவுக்காரர், அறுபதை நெருங்கியவர், முழங்கால் வலியால் படி ஏறும்போதெல்லாம் யாரையோ திட்டுவார். இன்னொருவன் என் கூட்டாளி. என்னைவிடப் பத்து வயது இளையவன், அவனும் அதே தீவு. மூப்பன் என்னைத் தமிழா என்பார். கூட்டாளி பாண்டி என்பான். தமிழ்நாட்டுக்காரனை அங்கே கேலியாக அப்படித்தான் சொல்வார்கள். நான் அவனை, அவர்கள் தினமும் தின்கிற மத்தி மீனை வைத்து, மத்தித்தலையன் என்பேன். கணக்கு சரியாகிவிடும்.

வலி மறுபடி வந்தது. முதலில் வாரத்துக்கு ஒரு தடவை, பிறகு நாளுக்கு ஒரு தடவை, பிறகு கஞ்சியின் ஒவ்வொரு வாய்க்கும். முகம் கழுவத் தண்ணீர் பட்டால் வரும். சவரக்கத்தி பட்டால் வரும். இடது பக்கம் மட்டும் சிரைத்துக்கொண்டு வலது பக்கம் தாடியோடு திரிந்தேன். கூட்டாளி என்னைப் பாதிச் சாமியார் என்றான். சிரிக்க முடியவில்லை, சிரித்தாலும் வரும். எல்லாவற்றையும்விட மோசம் கடற்காற்று. காயல் கடலில் சேரும் அழிமுகத்திலிருந்து காற்று திரும்பும் நேரத்தில் முகத்தைச் சுற்றித் துண்டைக் கட்டிக்கொண்டு கழுக்கோலை ஊன்றுவேன். வலி வந்துவிட்டால் அப்படியே நின்றுவிடுவேன். கண் இறுகி, கன்னம் தானாகத் துடிக்கும். வாயோரம் கோணும். சில நொடிகள்தான். அது முடிந்ததும் ஒன்றும் நடக்காதது போல நடப்பேன்.

வலிக்கு என்ன உண்டோ எல்லாம் செய்தேன். பெட்டிக்கடையில் பொட்டலமாக விற்கும் தலைவலித் தூள், காய்ச்சல் மாத்திரை, கன்னத்தில் தடவத் தைலம். தைலத்தை ஒரு முறைதான் தடவினேன். விரல் பட்டதும் வந்த வலியில் உட்கார்ந்துவிட்டேன். தூளை மாத்திரம் விடவில்லை. சாப்பிட முடியாததால் வெறும் வயிற்றில்தான் போட்டுக்கொண்டேன். கன்னம் கேட்கவில்லை, வயிறு எரிய ஆரம்பித்தது.

ஒரு நாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆலுவாவுக்குப் போய்விட்டேன். காயல் காற்றுதான் ஆகவில்லை, ஆற்றங்கரையில் சரியாகிவிடும் என்று ஒரு நினைப்பு. பஸ் ஜன்னல் வழியாக முதல் காற்று அடித்ததுமே புரிந்தது, அது என்னோடு டிக்கெட் எடுத்து வந்திருக்கிறது. ஒரு வாரத்தில் திரும்பினேன். கழுக்கோல் வைத்திருந்த இடத்திலேயே இருந்தது.

பிறகுதான் பல். கடைவாய்ப் பல்லில்தான் கோளாறு என்று எனக்கு உறுதி. பல் டாக்டர் ஒரு சின்ன வயதுப் பெண். பார்த்துவிட்டு, இதில் பூச்சி ஒன்றும் இல்லையே என்றாள். எனக்குத் தெரியும், பிடுங்குங்கள் என்றேன். பிடுங்கினாள். வலி போகவில்லை. பக்கத்துப் பல்லாக இருக்கும் என்று அதையும் பிடுங்க வைத்தேன். மூன்றாவது பல்லுக்குப் போனபோது அவள் பல் பிடுங்கும் கொறட்டைக் கையில் எடுக்கவில்லை. நல்ல பல்லை இனி எடுக்க மாட்டேன், இது பல்லே இல்லை என்று சொல்லி, எறணாகுளத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் நரம்பு டாக்டரைப் பார்க்கச் சீட்டு எழுதித் தந்தாள். சண்டை போடலாம் என்று வாயைத் திறந்தேன். வலி வந்தது. பேசாமல் சீட்டை வாங்கிக்கொண்டேன்.

நரம்பு டாக்டர் பாலக்காட்டுத் தமிழர். அவர் தமிழ் பேசியதே எனக்குப் பாதி மருந்து. ஒரு பஞ்சுத் துணுக்கை எடுத்து என் மூக்கோரத்தில் தொட்டார். பஞ்சுதான். நான் நாற்காலியின் கையை உடைக்காத குறை.

"பல்லுக்கு ஒரு கேடும் இல்லை, கேட்டீரா. பாவம் பல்லு," என்றார். "கன்னத்துக்கு வர நரம்பு இது. கரண்ட் வயர் மேல ரப்பர் உரிஞ்சா என்ன ஆகும்? தொட்டா பொறி பறக்கும். அதான்."

எந்தத் தூளும் ஏன் கேட்கவில்லை என்றேன். வீக்கத்துக்கும் காய்ச்சலுக்கும் சதை நோவுக்கும் அது கேட்கும், வயரில் பொறி பறப்பதற்கு அது என்ன செய்யும் என்று திருப்பிக் கேட்டார். வெறும் வயிற்றில் போட்டது தெரிந்ததும் கோபப்பட்டார். குடல் ஓட்டையாகி வந்திருப்பீர் என்றார். பஜாரில் ஒருவர் சொல்லி அனுப்பியிருந்தார், பெரிய ஆஸ்பத்திரியில் வலியே தெரியாமல் தூங்க வைக்கும் ஊசி உண்டு, அதைக் கேள் என்று. கேட்டேன்.

"அது போட்டா நீர் தூங்குவீர். வலி தூங்காது," என்றார். "முழிச்சதும் மறுபடி ஊசி வேணும்னு வந்து நிப்பீர். அந்த வழி வேண்டாம்."

வேறொரு மாத்திரை எழுதினார். வலி மாத்திரை இல்லை, நரம்பை அடக்குகிற மாத்திரை. முதலில் பாதி பாதியாக, சாப்பிட்ட பிறகு, வாரா வாரம் கூட்டிக்கொண்டு போக வேண்டும். தலை சுற்றும், தூக்கம் வரும், உடம்பில் தடிப்பு கண்டால் அன்றைக்கே ஓடி வர வேண்டும், நடுவில் ரத்தம் சோதிக்க வேண்டும். நானாக நிறுத்தக் கூடாது. இதையெல்லாம் இரண்டு தடவை சொல்லி, என்னைத் திருப்பிச் சொல்ல வைத்தார்.

எனக்கு அந்த மாத்திரை மேல் நம்பிக்கை இருந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த வாரம் முடியும் முன் ஒரு காலையில் கஞ்சி குடித்துக் கிண்ணத்தைக் கழுவும்போதுதான் தெரிந்தது, குடித்த அவ்வளவு நேரமும் வலி வரவில்லை. அதற்கடுத்த வாரம் மரவள்ளிக் கப்பையும் மீன்கறியும் மென்று தின்றேன். வலது பக்கம் சிரைத்துக்கொண்டேன். உரக்கப் பேசினேன். பேச வேண்டிய அவசியம் இல்லாதபோதும் பேசினேன். மூப்பன், வாய் மூடிக் கிடந்த தமிழனே மேல் என்றார்.

மாத்திரையை நான் ஒளிக்கவில்லை. மத்தியானச் சோற்றுக்குப் பிறகு எல்லார் முன்னாலும்தான் போட்டுக்கொள்வேன். ஒரு நாள் கூட்டாளி அந்த அட்டையைக் கையில் வாங்கிப் பார்த்தான். திருப்பிப் பார்த்தான். சிரிப்பு அவன் முகத்தை விட்டுப் போனது.

"எடோ பாண்டி, இது எப்போ தொட்டு நினக்கு?"

எப்போதிலிருந்து என்று கேட்கிறான். முகத்து வலிக்கு டாக்டர் தந்தது என்றேன்.

"முகத்துக்கா? போடா. இது சுழலிக்குள்ள குளிகையாக்கும். என் பெங்ஙள் நாலு வருஷமா திங்குறது இதுதான்."

பெங்ஙள் என்றால் தங்கை. சுழலி என்று அங்கே சொல்வது காக்காய் வலிப்பை. அவன் குரலில் குற்றம் சாட்டுவது போல் எதுவும் இல்லை, ஆச்சரியம்தான் இருந்தது. ஆனால் மூப்பன் கேட்டுவிட்டார்.

சுழலி உள்ளவனை நீரில் ஏற்றக் கூடாது என்பது அந்தக் காயலில் எழுதாத சட்டம். அடுப்புக்கும் கிணற்றுக்கும்கூட அவனை விட மாட்டார்கள். மூப்பனுக்கு அது வெறும் சட்டம் இல்லை. அவருடைய தம்பி ஒருவன் வள்ளத்தில் போகும்போது வலிப்பு வந்து விழுந்து, மறுநாள் வேறு கரையில் கிடைத்தவன். அது எனக்கு முன்பே தெரியும். அதோடு, நான் ஓரப் பலகையில் கண் இறுகி, கன்னம் துடித்து, வாய் கோணி நின்றதை அவர் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறார். இப்போது மாத்திரையையும் அந்தத் துடிப்பையும் சேர்த்துப் பார்த்துவிட்டார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் சேர்த்திருப்பேன்.

இது வேறு நோய் என்று நான் சொன்னதெல்லாம் அவர் காதில் ஏறவில்லை. ஒரே மாத்திரை எப்படி இரண்டு நோய்க்கு ஆகும் என்று கேட்டார். டாக்டர் வயரைப் பற்றிச் சொன்னார், வலிப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

"நீ நல்லவனாக்கும் தமிழா," என்றார் மூப்பன். "ஆனா சுழலி உள்ள ஆளை என் வள்ளத்தில நான் கயற்ற மாட்டேன். கரைக்குப் போ."

கரைக்குப் போனேன். கரையில் எனக்கு வேலை இல்லை. கிட்டங்கியில் மூட்டை தூக்குவது யூனியன் ஆட்களுடைய உரிமை, வெளியாள் கை வைக்க முடியாது. அறையில் படுத்துக்கொண்டு யோசித்தேன். எனக்குத் தெரிந்த ஒரே வழி பெட்டியைத் தூக்குவது. ஆனால் இந்த வேலையை விட்டுப் போக எனக்கு மனமில்லை. மாத்திரை சாப்பிட்டால் வள்ளம் இல்லை. சரி, மாத்திரை இல்லாமல் பார்ப்போம் என்று, டாக்டர் செய்யாதே என்று சொன்னதையே செய்தேன். நிறுத்தினேன். இரண்டு நாள் ஒன்றும் இல்லை. நோயே போய்விட்டது போலிருக்கிறது என்று வள்ளத்தடிக்குப் போய் மூப்பனிடம், குளிகையை விட்டுவிட்டேன், ஏறட்டுமா என்று கேட்டேன். அவர் பதில் சொல்வதற்குள் காற்று திரும்பியது. வலி அடித்தது. ஒன்று போய் அடுத்தது, அடுத்தது போய் இன்னொன்று. படித்துறையில் உட்கார்ந்து கன்னத்தைக் கையால் மறைத்துக்கொண்டேன். தொடாமல் மறைத்துக்கொண்டேன்.

மூப்பன் கிட்டே வந்து நின்று என்னையே பார்த்தார். தம்பியின் வலிப்பைப் பல தடவை கூட இருந்து பார்த்தவர் அவர். நடுவில், என்னைத் தெரிகிறதா என்று கேட்டார். தெரிகிறது என்று கையைக் காட்டினேன். என் பெயரைச் சொல்லச் சொன்னார். வாயைத் திறந்தால் வலிக்கும், தயவுசெய்து கேட்காதீர்கள் என்று இன்னொரு சைகை. அது அவருக்குப் புரிந்துவிட்டது. வலிப்பு வந்தவன் இப்படிக் கெஞ்ச மாட்டான்.

"என் அனியனுக்கு அந்நேரம் ஓர்மை இருக்காது," என்றார் மெதுவாக. "நினக்கு இருக்கு."

அனியன் என்றால் தம்பி, ஓர்மை என்றால் நினைவு. மறுநாள் அவரே வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போட் ஜெட்டிக்கு வந்து நின்றார், எறணாகுளம் போக. போட்டில் வழி முழுக்க என்னை நடுவில் உட்கார வைத்திருந்தார், ஓரத்தில் விடவில்லை.

டாக்டர் முதலில் என்னைப் பிடிபிடியென்று பிடித்தார், மாத்திரையை நிறுத்தியதற்கு. பிறகு மூப்பனைப் பார்த்தார். மூப்பனுக்குக் கேட்க வேண்டியது ஒன்றுதான். இவன் வெள்ளத்தில், அதாவது தண்ணீரில், விழுவானா?

டாக்டர் மலையாளத்துக்கு மாறிக்கொண்டார். தலைக்குள்ளே நரம்பெல்லாம் ஒருசேரப் பொறி பறந்தால் அது சுழலி, ஆள் விழுவான். இவனுக்குக் கன்னத்து வயர் ஒன்றில்தான் பொறி. அங்கேயும் இங்கேயும் அடக்க வேண்டியது அந்தப் பொறியைத்தான், அதனால் மாத்திரை ஒன்று. வெயிலுக்கும் மழைக்கும் பிடிப்பது ஒரே குடைதானே என்றார் டாக்டர். மூப்பன் தலையாட்டினார்.

அதோடு விட்டிருந்தால் நான் அன்றைக்கே வள்ளத்தில் ஏறியிருப்பேன். டாக்டர் விடவில்லை.

"நோய் இவனைத் தள்ளாது. மருந்து தள்ளும்," என்றார். "மறுபடி முதல்லேருந்து தொடங்கணும். தலை சுத்தும், கால் பின்னும். அது அடங்குற வரைக்கும் இவனை ஓரத்துல நடக்க விடாதீர்."

எனக்கு அவர் மேல் ஆத்திரமாக வந்தது. மூப்பனுக்கோ அந்த ஒரு பேச்சில்தான் முழு நம்பிக்கை வந்தது. இவர் உனக்காகப் பொய் சொல்ல வந்தவர் இல்லை என்று போட்டில் திரும்பும்போது சொன்னார். அதற்கு முன், டாக்டரின் அறையிலேயே வேட்டியை உயர்த்தி முழங்காலைக் காட்டி, இவனுடைய குளிகையில் பாதி எனக்கும் ஆகுமோ என்று கேட்டிருந்தார். டாக்டர் சிரித்துவிட்டார். முட்டு வயர் இல்லை, கீல் தேய்ந்து வீங்கியிருக்கிறது, அதற்கு மருந்து வேறு என்று வீக்கம் வற்றுகிற மாத்திரை ஒன்றை எழுதித் தந்தார், சோற்றுக்குப் பிறகு, கொஞ்ச நாளைக்கு மட்டும். கீலைச் சுற்றியுள்ள சதைக்கு வலு வர, நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டி மடக்கவும் சொல்லிக்கொடுத்தார். மூப்பன் வள்ளத்தில் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து காலை நீட்டி மடக்குவதைப் பிறகு நாங்கள் தினமும் பார்த்தோம்.

என்னை வள்ளத்தில் ஏற்றினார், ஆனால் நடுவில். அடுப்பு மூட்டுவதும், அடியில் ஊறும் தண்ணீரை இறைத்துக் கொட்டுவதும், பாய்க்கயிற்றைப் பிடிப்பதும் என் வேலை. ஓரப் பலகை விலக்கு. மாத்திரை கூடக் கூட டாக்டர் சொன்னது சரி என்று தெரிந்தது. தண்ணீர் இறைக்கக் குனிந்து நிமிர்ந்தால் கரையில் நிற்கும் தென்னை இரண்டாகத் தெரியும். உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவேன். அடுப்பில் மீன் கருகும். ஆனால் கருகிய மீனை இரண்டு பக்கமும் மென்று தின்றேன்.

ஒரு நாள் அப்படித் தூங்கி விழித்தபோது கூட்டாளி கழுக்கோலை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். இந்தத் தூக்கம் குளிகையாலா என்று கேட்டான். ஆமாம் என்றேன். தங்கை பகலில் சுவரில் சாய்ந்து தூங்குவாளாம். மடிச்சி, சோம்பேறி என்று வீட்டில் எல்லாரும் அவளைத் திட்டுவார்களாம், அவனும். வேளையை மாற்றி, இரவில் கூடுதலாகப் போடச் சொல்வார் என் டாக்டர், அவளையும் கூட்டிப் போய்க் கேள் என்றேன். அவன் கோலை மறுபடி ஊன்றினான். அடுத்த வாரம் ஒரு நாள் வேலைக்கு வரவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனதாக மூப்பன் சொன்னார்.

தலைச்சுற்று அடங்கியது போல் தோன்றிய ஒரு காலையில் மூப்பனிடம் கேட்டேன். அவர் வள்ளத்தைக் கிட்டங்கியின் பின்படியில் கட்டி வைத்தபடியே, கழுக்கோலை எடுத்து நடந்து காட்டு என்றார். அங்கே தண்ணீர் இடுப்பளவு. பாதி தூரம் நன்றாகப் போனேன். திரும்பும்போது பலகை இரண்டாகத் தெரிந்தது, இல்லாத பலகையில் கால் வைத்தேன். சேற்றோடு எழுந்தபோது கிட்டங்கி ஜன்னலில் சுக்குப் புடைக்கிற பெண்கள் எல்லாரும் நின்று சிரித்தார்கள். பாண்டிக்கு இன்றைக்குக் குளியல் முடிந்தது என்றான் கூட்டாளி. நானும் சிரித்தேன். முகமெல்லாம் உப்புத்தண்ணீர் வழிய நின்று சிரித்துக்கொண்டிருக்கிறேன், கன்னத்தில் ஒன்றும் நடக்கவில்லை என்பது சிரித்து முடித்த பிறகுதான் உறைத்தது.

டாக்டரிடம் போனேன். ரத்தம் பார்த்தார், கோளாறில்லை. அளவைச் சற்றுக் குறைத்து, ஒரே வேளையாகப் போட்டதைப் பிரித்துப் போடச் சொன்னார். வலி எட்டிப் பார்த்தால் வாரும், இல்லாவிட்டால் இதிலேயே இரும் என்றார். ஓரிரு தடவை எட்டிப் பார்த்தது, பழைய கம்பி இல்லை, ஊசி நுனி அளவு. அதோடு இருக்கலாம் என்று முடிவு செய்தேன்.

இரண்டாவது தடவை மூப்பன் என்னைப் பின்படியில் நடக்கச் சொல்லவில்லை. அரிசி ஏற்றி முடித்திருந்தோம், வள்ளம் தாழ்ந்து, தண்ணீர் ஓரப் பலகைக்குக் கொஞ்சம் கீழே நின்றது. கூட்டாளி இடது பக்கக் கழுக்கோலை எடுத்துக்கொண்டான். வலது பக்கத்தில் வழக்கமாக மூப்பன்தான் நிற்பார் அந்த நாட்களில். அவர் பின்னால் போய்ச் சுக்கானைப் பிடித்து உட்கார்ந்துகொண்டார்.

"பிரார்த்தனை எல்லாம் நான் பண்ணிக்கிறேன்," என்றார். "நீ கோலைக் குத்து தமிழா. வெள்ளம் இறங்கத் தொடங்கியாச்சு."

கடல் வாங்கத் தொடங்கி, காயல் தண்ணீர் வடியும் நேரம் அது. கழுக்கோலை எடுத்தேன். சேற்றில் ஊன்றித் தோளைக் கொடுத்தேன். முதலில் வள்ளம் அசையவில்லை, அரிசியின் கனம். பிறகு மெல்ல நகர்ந்தது. பின்முனை வரை நடந்து, கோலைப் பிடுங்கி, முன்முனைக்குத் திரும்பி வந்தேன். மூப்பன் பார்வையை என் காலிலிருந்து எடுக்கவேயில்லை. அடுத்த நடைக்கும் அப்படித்தான். பாலத்தடியைத் தாண்டிய பிறகு பார்த்தேன், சுக்கானைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பீடி பற்ற வைத்துக்கொண்டிருந்தார். தீக்குச்சி அணைந்து அணைந்து போக, அதைத் திட்டிக்கொண்டிருந்தார், என் பக்கம் பார்க்கவில்லை.